தறியில் அமர்ந்தவருக்குத் தொந்தி வருவது ஏன்?

பட்டு நெசவுக்கு முதல் இரண்டு. ஒன்று கண், மற்றொன்று கால்.

அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடி போடக் கூர்மையான கண் வேண்டும். மிதியை மாற்றி மாற்றி அழுத்த, உணர்ச்சி குன்றாத பாதம் வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரக் கெடுக்கும் வியாதி ஒன்று உண்டு. அதுதான் நீரிழிவு!

அந்த வியாதி பெரும்பாலும் வயிற்றின் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. வேட்டியின் சுற்றளவு போதாமல் போவதும், ரவிக்கையைப் பிரித்துத் தைப்பதும் வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரச் சேர, இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர்!

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள தேசூர், ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று. இத்தகைய ஊர்களில் இந்தக் கணக்குக்குத் தனிப் பொருள் உண்டு. அலுவலகத்தில் இருப்பவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு சமாளிக்கலாம். நெசவாளிக்குக் கண் மங்கினால் கூலி மங்கும்.

உழைத்தும் உடல் பெருப்பதேன்?

"காலை முதல் மாலை வரை உழைக்கிறோமே! எங்களுக்கு எதற்குத் தேகப்பயிற்சி?" என்று நெசவாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நெசவு கடினமான வேலை. அதில் சந்தேகமில்லை. ஆனால் குழித்தறியில் உட்கார்ந்தவரைக் கவனியுங்கள். கை அசைகிறது, பாதம் அசைகிறது. இடுப்பும் தொடையும் மணிக்கணக்கில் பலகையோடு ஒட்டியிருக்கின்றன. உடலிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் உள்ளன. சாப்பிட்ட சர்க்கரையை அதிகமாகச் செலவழிக்கக் கூடியவையும் அவைதான். அவை சும்மா இருக்கும்போது, தோள் வலிக்க உழைத்தாலும் வயிறு கரைவதில்லை.

எல்லா நெசவாளரும் பருத்தவர்கள் அல்ல. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருப்பவர்களும் உண்டு. "நான் ஒல்லிதானே!" என்று அவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. அளவு நாடாவை எடுத்துக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வகுத்துள்ள எல்லை இது.

சணல் ஆலை தந்த பாடம்

1956-ம் ஆண்டில் ருசிகரமான ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. இடம், மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலை. நடத்தியவர்கள், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் மேயரும் அவருடைய சகாக்களும். 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் அவர்கள் கணக்கெடுத்தார்கள்.

மூட்டை தூக்கியவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள். இலேசான வேலை செய்தவர்கள் அதற்கேற்பக் குறைவாகச் சாப்பிட்டார்கள். இரு சாராருமே பருக்கவில்லை. ஆனால் நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்திருந்தவர்களும், அதிகம் அசையாத மேற்பார்வையாளர்களும் எவ்வளவு சாப்பிட்டார்கள் தெரியுமா? இலேசான வேலை செய்தவர்களைவிட அதிகம்! அவர்களுடைய எடைதான் எல்லோரையும்விடக் கூடுதலாக இருந்தது.

ஓரளவு நடமாடுகிறவரின் பசி, உழைப்பைப் பார்த்து அளவாக வருகிறது. அசையாதவரின் பசி அந்தக் கணக்கைத் தவறவிடுகிறது. ஆகவே, உட்கார்ந்து வேலை செய்கிறவர் பசியை மட்டும் நம்பிச் சாப்பிடக் கூடாது. அளவைத் தாமே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். திருக்குறளில் "மருந்து" என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்ட குறள்கள் உணவைப் பற்றியே பேசுகின்றன!

தட்டில் சிறு மாற்றம்

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த மாவு டப்பாக்களும் வேண்டாம். தட்டைப் பிரிக்கும் விதத்தை மாற்றினால் போதும்.

பாதித் தட்டில் கீரையும் காய்கறியும் இருக்கட்டும். கால் பங்கு பருப்பு, கொள்ளு, மொச்சை, முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்குதான் சோறு. "சோற்றுக்குக் காய்" என்ற பழக்கத்தைக் "காய்க்குச் சோறு" என்று திருப்பிப் போடுங்கள். உருளைக்கிழங்குப் பொரியலைக் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள். அது சோற்றுக்கு அண்ணன்!

கேழ்வரகு நல்ல தானியம். அதற்காகக் களியை உருண்டை உருண்டையாக விழுங்கலாம் என்பதில்லை. அதுவும் மாவுச்சத்துத்தான், அளவு அதற்கும் உண்டு. வேர்க்கடலையை வறுத்தோ அவித்தோ ஒரு கைப்பிடி தின்னலாம். பச்சிலும் போண்டாவும் தினசரிப் பலகாரமாக வேண்டாம். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி.

அடுத்தது தேநீர். நாளைக்கு நான்கு தம்ளர், தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 கிராமுக்கு மேல். சுமார் 130 கலோரி. அதைக் கரைக்க ஏறக்குறைய அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும். முதல் வாரம் ஒரு தேக்கரண்டி. அடுத்த வாரம் அரை. நாக்கு விரைவில் பழகிக்கொள்ளும்.

காசில்லாத பயிற்சி

தினம் 30 நிமிட நடை. வாரத்தில் ஐந்து நாட்கள். உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகச் சொல்லும் 150 நிமிடம் இதில் வந்துவிடும். பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஒரே மூச்சில் முடியாதவர்கள் காலையில் 15, மாலையில் 15 நிமிடம் நடக்கலாம். கடைக்கும் கோயிலுக்கும் வண்டியை எடுக்காமல் போனாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும்.

அரை மணிக்கு ஒரு முறை தறியை விட்டு எழுந்திருங்கள். முற்றத்தில் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் பத்துப் பத்தாகத் தோப்புக்கரணம் போடுங்கள். தொடைக்கு அதைவிட மலிவான பயிற்சி வேறில்லை! குப்புறப் படுத்து மெல்ல மார்பை உயர்த்தும் புஜங்காசனம், குனிந்தே இருக்கும் முதுகுக்கு இதம் தரும்.

எடை இறங்காவிட்டால்?

பலர் ஒரு மாதம் நடந்துவிட்டு, தராசு முள் அசையவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் சென்னையில் நடந்த ஒரு சோதனையை அறிந்துகொள்ள வேண்டும்.

நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் முடிவு வெளியாயிற்று. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில், மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவில் விழுந்தார்கள். உணவைத் திருத்தி நடைபயின்றவர்களில் நூற்றுக்கு 39 பேர்தான். வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! முள் நகராவிட்டாலும், உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது.

எடையும் குறைந்தால் இன்னும் நல்லது. 70 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே பெரிய லாபம். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

எச்சரிக்கை

ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். நடக்கும்போது மார்பு வலித்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பாதம் மரத்திருந்தால் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

முப்பது வயது தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், ஊழியர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது, "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். கணவர் மட்டுமல்ல, தார் சுற்றும் மனைவியும் கையை நீட்டட்டும். அடுப்படியில் அளவு மாறினால் வீடு முழுவதற்கும் ஆரோக்கியம்.