உள்ளே வைக்கும் கதிர்: படம் எடுப்பது ஏன்?

கரவனெல்லயிலிருந்து மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்மாருக்கு, கர்ப்பப்பை வாசல் புற்றுநோய்க்கு வெளியே கரண்டு பிடித்த பிறகு, "உள்ளேயும் வைக்கணும்" என்றால் நெஞ்சு படபடக்கும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் கர்ப்பப்பைக்குள் வெறும் குழாய்களைத்தான் வைப்பார்கள். பிறகு எக்ஸ்ரே அல்லது சீ.டி. ஸ்கேன். "எத்தனை படம்தான் எடுப்பாங்க?" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் படம் நோயைத் தேட அல்ல; குழாய் எங்கே கிடக்கிறது, சலப்பையும் மலக்குடலும் எவ்வளவு கிட்ட என்று அளக்கத்தான். அடுப்பைவிட்டுத் தள்ளிப்போனால் சூடு குறையுது இல்லையா? கதிரும் அப்படித்தான். 1 சென்டிமீட்டரில் உள்ளது 2 சென்டிமீட்டரில் ஏறக்குறைய காற்பங்குதான். சில மில்லிமீட்டர் பிசகினாலும் நோய்க்குப் போகவேண்டியது குடலுக்குப் போய்விடும். படம் எடுத்தபின் அசையாதே என்பதும் இதனால்தான்.

கணக்குப் போட்ட பிறகே, இரிடியம் போன்ற சின்னஞ்சிறு கதிர்ப்பொருளை மெஷின் குழாய்க்குள் அனுப்பும். சில நிமிடங்களில் திரும்ப இழுத்துக்கொள்ளும். உடம்பில் ஒன்றும் தங்காது. லயத்துக்கு வந்து பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தடவையோடு இது முடியாது. அடுத்த தடவை குழாய் இம்மியளவு மாறிக் கிடக்கலாம், அதனால் மறுபடியும் படம் எடுப்பார்கள். கொடுத்த திகதியில் கிளினிக் கொப்பியோடு போங்கள்.