ஒரு ரூபாய் இட்லியும் ஒரு ட்வீட்டும்

சோசியல் மீடியாவில் பிராண்டை எப்படி வளர்ப்பது என்று யாராவது கேட்டால், நான் சொல்வது வடிவேலம்பாளையம் கதைதான்.

கோவையில் பேரூர் தாண்டி இருக்கும் அந்த ஊரில், கமலாத்தாள் பாட்டி விறகடுப்பில் இட்லி அவித்து ஒரு ரூபாய்க்கு விற்றுவந்தார். 2019-இல் அவருடைய வீடியோ வைரலானது. அந்த செப்டம்பரில் ஆனந்த் மஹிந்திரா, பாட்டியின் தொழிலில் முதலீடு செய்யவும் கேஸ் அடுப்பு வாங்கித் தரவும் தயார் என்று ட்வீட் போட்டார். சீக்கிரமே பாரத் கேஸ் இணைப்பு வந்தது.

வழக்கமா இதோட கதை முடிஞ்சிடும். வைரலுக்கு ஆயுள் ஒரு வாரம்தானே! ஆனால் 2021-இல் பாட்டிக்கு வீடு கட்ட நிலம் பதிவானது. 2022 மே 8, அன்னையர் தினத்தன்று வீடும் கைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் அவர் ட்வீட்டில் சொன்னார். முதல் பதிவு கவனத்தை வாங்கியது. மூன்று வருஷம் கழித்து வந்ததுதான் நம்பிக்கையை வாங்கியது.

பாட்டியும் அப்படித்தான். 2020 ஊரடங்கில் உளுந்து விலை ஏறியபோதும் இட்லி விலையை ஏற்றவில்லை.

அதனால் பதிவு போடும் முன் ஒன்றை மட்டும் யோசிங்க: இந்த வாக்கை அடுத்த வருஷம் யார் காப்பாத்தப் போறாங்க?