படத்தில் பூனைக்கு ஏன் பச்சைக் கண்?

குழந்தைகளே, உங்கள் வீட்டில் நாயோ பூனையோ முயலோ இருக்கிறதா? அப்படியானால் அம்மா, அப்பாவின் செல்போனில் அதன் படங்கள் குவிந்து கிடக்கும். துணிக்கூடைக்குள் சுருண்டு தூங்கும் படம், மீசையில் பால் ஒட்டிக்கொண்டு நிற்கும் படம், செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும் படம். பள்ளிக்கூடம் போனதும் "எங்க வீட்டு மணி நேத்து என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். இன்று அந்தப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நீங்கள் இதுவரை யாருக்கும் சொல்லாத கதைகள் அவற்றில் இருக்கின்றன.

இரவில் எடுத்த படம்

முதலில், இருட்டில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் ஒன்றைத் தேடுங்கள். பூனையின் கண்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ பளீரென்று தெரியும். பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தால் அவன் கண்மணிகள் சிவப்பாகத் தெரியலாம். ஒரே ஃபிளாஷ், ஒரே நொடி. பிறகு ஏன் ஆளுக்கொரு நிறம்?

பூனையின் கண்ணில் விளக்கு எதுவும் இல்லை. ஒளியே இல்லாத இடத்தில் அதன் கண்ணும் இருட்டாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே போன ஒளிதான் திரும்பி வருகிறது.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதிலுள்ள செல்கள் ஒளியைப் பிடித்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஆனால் உள்ளே வரும் ஒளி முழுவதும் அவற்றிடம் சிக்குவதில்லை. கொஞ்சம் தப்பிப் போய்விடும். நம் கண்ணில் அப்படித் தப்பிய ஒளி வீண்தான். பூனைக்கும் நாய்க்கும் விழித்திரைக்குப் பின்னால் இன்னொரு படலம் உண்டு. அதன் பெயர் டபீட்டம். தப்பி வந்த ஒளியை அது விழித்திரைக்கே திருப்பி அனுப்பும். கிரிக்கெட்டில் ஒருவர் விட்ட பந்தை அவருக்குப் பின்னால் நிற்பவர் பிடித்து எறிவாரே, அதைப் போல. இதனால் ஒளியைப் பிடிக்க விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. நமக்குப் பார்க்கத் தேவைப்படும் ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குப் போதும். இரவில் எலி பிடிக்கும் பிராணிக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. திரும்பி வரும் ஒளி கொஞ்சம் சிதறுவதால் காட்சியின் கூர்மை சற்றுக் குறையும். நீங்கள் தெளிவாகப் படிக்கும் பொடி எழுத்து பூனைக்கு மங்கலாகத்தான் தெரியும்.

இரண்டாவது வாய்ப்பிலும் சிக்காத ஒளி கண்மணி வழியாக வெளியே வருகிறது. அதுதான் படத்தில் பச்சையாக மின்னுகிறது. தம்பியின் கண்ணில் டபீட்டம் கிடையாது. விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த பகுதிதான் இருக்கிறது. ஃபிளாஷ் அதில் பட்டுத் திரும்புவதால் சிவப்பு. பசு, ஆடு, மான் ஆகியவற்றுக்கு டபீட்டம் உண்டு. பன்றிக்கும் முயலுக்கும் இல்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இரவில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்த டார்ச் ஒன்றை உங்கள் காதோரம், கண் மட்டத்தில் பிடித்து, தள்ளி நிற்கும் நாயையோ மாட்டையோ ஒரு கணம் பாருங்கள். கண்கள் மின்னும். இப்போது டார்ச்சை இடுப்புக்குக் கீழே இறக்கிக்கொண்டு பாருங்கள். மினுமினுப்பு குறைந்துபோகும்.

காரணம் இதுதான்: கண்ணுக்குள் போன ஒளி பெரும்பாலும் வந்த வழியே திரும்புகிறது. டார்ச் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது உங்களை வந்து சேரும். செல்போனில் ஃபிளாஷும் லென்ஸும் ஒட்டி ஒட்டி இருப்பதால்தான் படத்தில் கண் அப்படி ஒளிர்கிறது. டார்ச்சை மிக அருகில் கொண்டுபோய் பிராணியின் கண்ணில் அடிக்காதீர்கள். அதற்குக் கூசும், பயந்தும் போகும்.

இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் சாலையில் பதிக்கும் ஒளிர்வில்லைகளை உருவாக்கி 1934-இல் காப்புரிமை பெற்றார். வண்டியின் விளக்கொளியை ஓட்டுநரின் பக்கமே திருப்பி அனுப்பும் அந்தக் கருவிக்குப் பெயரே 'பூனைக்கண்'தான்.

மூவண்ணப் பூனையின் ரகசியம்

அடுத்து, பகலில் எடுத்த படங்கள். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனை உங்கள் தெருவில் உண்டா? படத்தை மட்டும் பார்த்தே அது பெண் பூனை என்று நீங்கள் சொல்லிவிடலாம். அநேகமாகத் தப்பாது.

செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றே ஒன்று. குட்டி தாயின் வயிற்றில் மிகச் சிறிய கருவாக இருக்கும்போதே, பெண் கருவின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அணைத்துவிடுகிறது. எதை அணைக்கும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. அந்தச் செல்லிலிருந்து பிறக்கும் செல்களும் அதே முடிவைத் தொடரும். ஒரு எக்ஸில் செம்மஞ்சளும் இன்னொன்றில் கறுப்பும் இருந்தால் உடம்பில் இங்கே செம்மஞ்சள், அங்கே கறுப்பு என்று திட்டுகள் வரும். வெள்ளைத் திட்டுக்கு வேறொரு மரபணு காரணம். எலிகளின் ரோமத்தைப் பார்த்து இந்த அணைப்பைப் பற்றி 1961-இல் விளக்கியவர் மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி.

2001 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் உலகின் முதல் குளோனிங் பூனைக்குட்டி பிறந்தது. அதன் பெயர் சிசி. 'ரெயின்போ' என்ற மூவண்ணப் பூனையின் செல்லிலிருந்து உருவாக்கியதால் இரண்டுக்கும் மரபணு ஒன்றுதான். ஆனால் இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சிசியின் உடம்பில் செம்மஞ்சளே இல்லை! மரபணு ஒன்றாக இருந்தாலும் உங்கள் வீட்டுப் பூனையைப் போலவே இன்னொன்றைச் செய்ய முடியாது.

சயாமீஸ் பூனை வளர்ப்பவர்கள் அதன் குட்டிப்பருவப் படத்தைத் தேடிப் பாருங்கள். பிறந்தபோது வெள்ளையாக இருந்த குட்டிக்கு வளர வளர காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கருத்துவிடும். நிறமியை உண்டாக்கும் அதன் நொதி சூட்டில் வேலை செய்யாது, குளிர்ச்சியில்தான் செய்யும். தாயின் வயிறு முழுக்கக் கதகதப்பு. வெளியே வந்ததும் உடம்பின் ஓரங்கள்தான் முதலில் குளிர்கின்றன. இமாலய முயலின் கறுப்புக் காதும் மூக்கும் இப்படி வந்தவையே.

ஒரு பூனையும் நிறையப் படங்களும்

தலைகீழாக விழும் பூனை எப்படிக் காலூன்றி நிற்கிறது? வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பிரான்ஸில் எட்டியன் ஜூல் மாரே 1894-இல் விழும் பூனையை வேகவேகமாகத் தொடர் படங்களாக எடுத்தார். பூனை முதலில் முன்னங்கால்களை மடக்கி முன்னுடம்பைத் திருப்புகிறது; அப்போது பின்னங்கால்கள் நீண்டிருக்கின்றன. பிறகு முன்னங்காலை நீட்டி, பின்னங்காலை மடக்கிப் பின்னுடம்பைத் திருப்புகிறது. எதையும் உதைக்காமல் காற்றிலேயே திரும்பிக்கொள்கிறது! பாரிஸ் விஞ்ஞானிகளே வியந்துபோனார்கள். இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. பூனைக்கு அடிபடும்.

உங்கள் படக்குறிப்பேடு

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாதம் ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேரம். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில், அதன் கண் மட்டத்துக்கு நீங்களும் தரையில் படுத்து எடுங்கள். அது விலகிப் போனால் விட்டுவிடுங்கள். விருப்பமில்லாத பிராணியைப் பிடித்து வைத்துப் படம் எடுக்கக் கூடாது. படத்துக்குக் கீழே தேதி, எடை, என்ன சாப்பிட்டது, அன்று புதிதாக என்ன செய்தது என்று எழுதுங்கள். பூனையானால் கண்மணி கோடு போல ஒடுங்கியிருந்ததா, வட்டமாக விரிந்திருந்ததா, அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பேட்டை வகுப்பில் காட்டுங்கள். உங்கள் சிநேகிதர்களின் குறிப்பேட்டையும் வாங்கிப் பாருங்கள். அவர்கள் வீட்டு நாயின் கண் என்ன நிறத்தில் மின்னுகிறது? மூவண்ணப் பூனை ஆணாக இருந்த வீடு ஏதாவது உண்டா? கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செல்லப் பிராணியிடம் உள்ள அன்பால் நாம் அதை உற்றுப் பார்க்கிறோம். பார்த்ததை ஒழுங்காக எழுதிவைத்து, மற்றவரோடு ஒப்பிட்டு, ஏன் என்று கேட்டால் அந்த அன்பே உங்களை விஞ்ஞானத்துக்குள் அழைத்துப் போய்விடும்.