சுரேந்திரநாத் எழுதிய சட்டம்

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பிய குடிமகன் எவரும் இன்று மாநகராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் வாக்களிக்கலாம். நூறாண்டுகளுக்கு முன் இப்பகுதி கல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. வடக்கே இருந்த சதுப்பு நிலத்தில் 1920களில் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏரியை வெட்டியது. இப்பகுதியை உள்ளடக்கிய டாலிகஞ்ச் நகராட்சி, மாநகராட்சியோடு இணைந்தது 1953இல்தான். இங்குள்ளவர்கள் இன்று கவுன்சிலரின் அலுவலகத்துக்குப் போய் உரிமையோடு கேள்வி கேட்கிறார்கள். அந்த உரிமையின் வேர் வங்காளத் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜியின் சட்டமன்ற வாழ்வில் இருக்கிறது.

ஐ.சி.எஸ். பதவியிலிருந்து 1874இல் நீக்கப்பட்ட அவர், 1893இல் கல்கத்தா மாநகராட்சியின் பிரதிநிதியாக வங்காளச் சட்டசபைக்குள் நுழைந்தார். லெப்டினன்ட் கவர்னர் தலைமை வகித்த சிறிய அவை அது. உறுப்பினர் கேள்வி கேட்கலாம், ஆனால் ஆறு நாள் முன்பே எழுதித் தர வேண்டும். கிடைத்த பதிலின் மீது துணைக்கேள்வி எழுப்ப முடியாது. வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க முடியாது. இன்றைய மேற்கு வங்கச் சட்டமன்றத்தில் 294 தொகுதிகள். பட்ஜெட் தோற்றால் அரசே போய்விடும். அன்று பேச்சு ஒன்றே ஆயுதம் என்பதால் அதைத் தீட்டிவைத்தார்கள். இன்று எண்ணிக்கை கையில் இருப்பதால் பேச்சு மெலிந்துவிட்டது என்பது என் வருத்தம்.

1899இல் வந்த மெக்கன்சி சட்டம் அவரை மிகவும் வருத்தியது. மாநகராட்சியில் அதுவரை 75 பேரில் 50 பேர் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தவர்கள். புதிய சட்டம் அவையை 50ஆகச் சுருக்கி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை 25ஆக்கியது. சுரேந்திரநாத் உள்பட 28 உறுப்பினர்கள் ஒன்றாகப் பதவி விலகினார்கள். பதவி விலகல் என்ற செய்தி இன்றும் வருகிறது. பெரும்பாலும் கட்சி மாறும் பருவத்தில்.

இழந்த உரிமையை மீட்கும் காத்திருப்பு இருபதாண்டுகளுக்கு மேல் நீண்டது. சில துறைகளை இந்திய அமைச்சர்களிடம் விட்ட இரட்டையாட்சியில் உள்ளாட்சி, சுகாதார அமைச்சரான அவரே 1923இல் கல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதிகாரி அமர்ந்திருந்த தலைமை இருக்கைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் வந்தார். காசிப்பூர், மாணிக்தலா, கார்டன் ரீச் ஆகியவை நகரத்தோடு சேர்ந்தன. பெண்களுக்கு மாநகராட்சி வாக்குரிமை கிடைத்தது. சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களைச் சட்டசபைத் தேர்தலில் வாக்களிக்க அனுமதித்துவிட்டது; வங்காளம் அதற்கு 1925 வரை தயங்கியது. எனவே மாநகராட்சிச் சட்டத்தின் அந்தப் பிரிவைச் சிறிய சலுகையாக நான் எண்ணவில்லை. அன்று வாக்கு சொத்தும் வரியும் உள்ளவர்களுடையது. இன்று 144 வார்டுகள், அவற்றுள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டவையும் உண்டு. வாக்காளரிடம் வரி ரசீது கேட்பார் இல்லை.

சட்டம் வந்த 1923ஆம் ஆண்டே சட்டசபைத் தேர்தலில் சுரேந்திரநாத் தோற்றார். பாரக்பூர் பக்கத்துத் தொகுதியில் அவரை வென்றவர் அதுவரை தேர்தல் களம் காணாத மருத்துவர் பிதான் சந்திர ராய்; பின்னாளில் 1948 முதல் 1962 வரை முதலமைச்சராக இருந்தவர். அரசின் அமைச்சராகவும் 'சர்' பட்டம் பெற்றவராகவும் ஆன சுரேந்திரநாத்தை, சுயராஜ்யக் கட்சி அலையில் இளைஞர்கள் கைவிட்டார்கள். புதிய சட்டத்தின்படி 1924இல் முதல் மேயரானவர், அந்த அலையின் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். தலைமை நிர்வாக அதிகாரி சுபாஷ் சந்திர போஸ். 1925 ஜூனில் தாஸ் மறைந்தார், ஆகஸ்டில் சுரேந்திரநாத். கர்சன் பூங்காவுக்கு இன்று சுரேந்திரநாத் பெயர். மாநகராட்சித் தலைமையகம் நிற்பதும் சுரேந்திரநாத் பானர்ஜி சாலையில்தான்.