செல்போனுக்குள் ஒரு கடை! சாவி யார் கையில்?

சென்னை பாரிமுனையில் மாலை 6 மணிக்கு பஸ்சுக்கு நிற்கும்போது எதிரில் உள்ள கடையைக் கொஞ்சம் கவனியுங்கள். கல்லாவில் இருப்பவர் ஒரு கையால் சில்லறை கொடுப்பார். மறு கையில் செல்போன். வீட்டுக்காரியோடு பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். வியாபாரம் நடக்கிறது!

முன்பெல்லாம் புதுக்கடை திறந்தால் பிட் நோட்டீஸ் அடிப்பார்கள். ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றுவார்கள். கையில் காசு தாராளமாக இருந்தால் சினிமா தியேட்டரில் இடைவேளைக்கு சிலைடு போடுவார்கள். இப்போது மூன்று வேலையையும் செல்போனே செய்கிறது.

தூங்கும்போதும் பதில்

2018 ஜனவரியில் வந்தது "வாட்ஸ்அப் பிசினஸ்". கடைக்காரர்களுக்கு என்றே செய்த செயலி. பணம் கட்டாமல் போனில் ஏற்றிக்கொள்ளலாம். கடை விலாசம், திறக்கும் நேரம் எல்லாம் அதில் பதிந்து வைக்கலாம்.

கடை பூட்டிய பிறகு ஓர் அம்மா, "அண்ணாச்சி, பொன்னி அரிசி வந்துருச்சா?" என்று கேட்கிறார். "கடை மூடியாச்சு. காலையில சொல்றோம்மா" என்று அதுவே பதில் அனுப்பிவிடும். அண்ணாச்சி நிம்மதியாகத் தூங்கலாம்.

2019 நவம்பரில் "கேட்டலாக்" வசதியும் சேர்ந்தது. சேலையின் படத்தையும் விலையையும் போட்டு வைத்தால் போதும். வீட்டில் உட்கார்ந்தபடியே புரட்டிப் பார்க்கலாம்.

256 பேர்

ஒரே சேதியைப் பலருக்கு அனுப்பப் பட்டியல் போடலாம். ஒரு பட்டியலில் 256 பேர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் சேதி போய்ச் சேரும். மற்றவருக்குப் போகாது. "அனுப்பிட்டோம், ஒருத்தரும் வரலையே" என்று கடைக்காரர் தலையைச் சொறிவார்!

கெட்டிக்காரர் என்ன செய்கிறார் தெரியுமா? பில் போடும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்குங்கம்மா, புதுச்சரக்கு வந்தா சொல்றேன்" என்கிறார்.

அவசரக்காரர் வேறு வழி தேடுகிறார். "ஒரே அமுக்கில் ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பலாம்" என்று குறுக்குவழி சாப்ட்வேர் விற்கிறார்கள். அதை வாங்கிப் போடுகிறார். முன்பின் தெரியாத நம்பரில் இருந்து ஜட்டி, பனியன் தள்ளுபடி வந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "பிளாக்" செய்கிறார்கள். புகாரும் கொடுக்கிறார்கள். புகார் குவிந்தால் கம்பெனி அந்த நம்பரையே முடக்கிவிடும். போர்டிலும் பில்லிலும் மஞ்சள் பையிலும் அச்சடித்த நம்பர், ஒரே நாளில் வாட்ஸ்அப்பில் செத்த நம்பர்!

ஒரே ராத்திரியில்...

தப்பு செய்யாதவருக்கும் ஆபத்து உண்டு.

"டிக்டாக்"கில் ஆடிப்பாடி சரக்கு விற்றவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரலில் மதுரை ஐகோர்ட்டு கிளை அதற்குத் தடை போட்டது. அந்த மாதமே தடை நீங்கியது. "அப்பாடா" என்றார்கள். 2020 ஜூன் 29-ந்தேதி மத்திய சர்க்கார் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. வருடக்கணக்கில் சேர்த்த ரசிகர் கூட்டம் போயே போய்விட்டது. யாரிடமும் நம்பர் வாங்கி வைக்காதவர் யாரைப் போய்த் தேடுவார்?

அடுத்த மாதமே "இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்" இந்தியாவுக்கு வந்தது. மறுபடி ஒன்றில் இருந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

2021 அக்டோபர் 4-ந்தேதி இரவு 9 மணி தாண்டியதும் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. மூன்றும் ஒரே முதலாளியுடையது அல்லவா! ஏறத்தாழ 6 மணி நேரம் சேதி வரவும் இல்லை, போகவும் இல்லை. நவராத்திரிக்கு மூன்றே நாள் இருந்த சமயம் அது.

லைக் வந்து என்ன பயன்?

ரீல்ஸ் மோகமும் சொல்லி மாளாது. புரசைவாக்கத்து இட்லிக்கடைக்கு தூத்துக்குடியில் இருந்து லைக் வருகிறது. அவர் இட்லி சாப்பிட பஸ் ஏறி வரப்போகிறாரா?

பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் செய்வதானால், கடையைச் சுற்றி இத்தனை கிலோ மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி செய்யலாம். அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டுப் பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு. கூகுள் மேப்பில் கடை பெயரைப் பதிவதற்கோ காசே கிடையாது. "பக்கத்துல டெய்லர் கடை" என்று தேடுகிறவர் துணியும் கையுமாகத் தேடுகிறார். அவர்தான் வாடிக்கைக்காரர்.

பழைய மளிகைக்கடையில் பாக்கி நோட்டு ஒன்று இருக்கும். பெயர், தெரு, பாக்கித்தொகை எல்லாம் அதில் இருக்கும். அதே நோட்டில் போன் நம்பருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்ட கடைக்காரர்களும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் படுத்தால் நோட்டைப் பிரித்துப் போன் போடுகிறார்கள். "அம்மா, நீங்க கேட்ட நல்லெண்ணெய் வந்திருக்கு, பையனை அனுப்பட்டுமா?"