தோல் தைக்கும் பழைய இயந்திரம் வாங்கும் சங்கங்களுக்குச் சில யோசனைகள்

கைத்தறித் துணியை மீட்டர் கணக்கில் விற்பதைக் காட்டிலும், அதனைப் பையாகத் தைத்து விற்பதால் சங்கத்திற்கும் அங்கத்தினருக்கும் கூடுதல் ஊதியம் கிடைக்கக்கூடும். ஜமக்காளம் போன்ற தடித்த துணியில் தைத்த பைக்குத் தோலினால் கைப்பிடியும் விளிம்பும் அமைத்தால் அதன் உறுதியும் மதிப்பும் உயரும். இம்முயற்சியில் இறங்கும் சங்கம் முதலில் எதிர்கொள்ளும் பெருஞ்செலவு தையல் இயந்திரமே. புதிய இயந்திரத்தின் விலை எட்டாத நிலையில், பழையதை நாடுவது இயல்பு. அதில் தவறில்லை. நன்கு பேணப்பட்ட தொழிற்சாலை இயந்திரம் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் பொருந்தாத இயந்திரம் எவ்வளவு மலிவாயினும் நட்டமே. நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், மலிவு என்று வாங்கப்பட்ட இயந்திரம் உறையிட்டு மூலையில் கிடக்க, அதற்காகப் பெற்ற கடனுக்கு மட்டும் வட்டி தவறாமல் வளர்ந்து வந்ததைக் கண்டோம். அத்தகைய நிலை வேறு சங்கங்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோலுக்கும் துணிக்கும் உள்ள வேற்றுமை

துணியில் தையல் பிசகினால் பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கலாம். இழைகள் நெருங்கித் துளை மறைந்துவிடும். தோலில் விழுந்த துளை விழுந்ததே. ஒரு தையல் தப்பினால் அத்துண்டே வீணாகலாம். தையல்களை மிக நெருக்கமாக இட்டாலும், தபால் தலையின் ஓரம் கிழிவதுபோலத் தோல் அவ்வரிசையில் கிழிந்துவிடும். ஆகவே தோல் தைக்கும் இயந்திரத்திற்கு வேகம் முக்கியமன்று. தையல் தப்பாமை, சீரான இடைவெளி, மெதுவாக ஓடும்போதும் குன்றாத வலிமை ஆகிய மூன்றுமே முக்கியம்.

வீட்டில் சட்டையும் பாவாடையும் தைக்கும் கறுப்பு இயந்திரத்திற்குப் பெரிய மோட்டாரைப் பொருத்தி, ‘தோலும் தைக்கும்’ என்று சொல்லி விற்பாரும் உண்டு. மெல்லிய தோலில் நான்கு விரற்கடை தைத்துக் காட்டுவதும் எளிதே. ஆனால் நாள்தோறும் தடித்த தோலைத் தைக்கத் தொடங்கினால் அதன் ஊசித்தண்டும் பற்களும் விரைவில் தேய்ந்துபோகும்.

முதற்கேள்வி: தோலை நகர்த்துவது எது?

சாதாரண இயந்திரத்தில் அடியிலுள்ள பற்கள் மட்டுமே துணியை நகர்த்துகின்றன. மேலிருக்கும் பாதம் வெறுமனே அழுத்திக்கொண்டிருக்கும். தோல் அப்பாதத்தில் ஒட்டிக்கொள்வதால், அடித்துண்டு முன்னே செல்ல மேல்துண்டு பின்தங்கும். பையின் முனையை அடையும்போது இரு விளிம்புகளும் பொருந்தாமற் போகும்.

இக்குறையை நீக்குவது ‘வாக்கிங் ஃபுட்’ எனப்படும் அமைப்பாகும். இதில் இரண்டு பாதங்கள் உண்டு. ஒன்று அழுத்திப் பிடிக்க, மற்றொன்று அடிப்பற்களோடு சேர்ந்து நடந்து தோலை இழுத்துச் செல்லும். ஊசியும் துளைத்த நிலையிலேயே உடன் நகருமாயின் அது ‘காம்பவுண்ட் ஃபீட்’ எனப்படும். அடுக்குகள் விலகாமல் செல்வதற்கு இதுவே சிறந்தது. சிங்கர் 111 வகையிற் சிலவும், ஜூக்கி 1541-ஆம் எண்ணும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. தோலும் துணியும் கலந்த பைகளுக்கு இவ்வமைப்பையே நாம் பரிந்துரைப்போம்.

இரண்டாம் கேள்வி: மேடையின் வடிவம்

தட்டையான மேடையுள்ள ‘ஃப்ளாட் பெட்’ இயந்திரம் கைப்பிடி, பணப்பை, இடைவார் போன்ற தட்டைப் பொருள்களுக்கு ஏற்றது. உருளை வடிவக் கையையுடைய ‘சிலிண்டர் பெட்’ இயந்திரம், வளைந்த பக்கங்களையுடைய பைகளை அதன்மீது மாட்டித் தைக்க உதவும். கம்பம்போல் நிமிர்ந்து நிற்கும் ‘போஸ்ட் பெட்’ இயந்திரம் காலணியின் மேற்பகுதியைத் தைப்பதற்கென அமைந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய இடங்களின் தோல் தொழிற்சாலைகள் கழித்த இயந்திரங்கள் விலைக்கு வருவதுண்டு. காலணித் தொழிற்சாலையிலிருந்து வருவனவற்றுள் போஸ்ட் பெட் இயந்திரங்கள் மிகுந்திருப்பது இயல்பு. அவை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், பை தைக்கும் சங்கத்திற்கு முதல் இயந்திரமாகப் பயன்படா.

செருப்புத் தைப்போரிடம் காணும் சிங்கர் 29-கே வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பாதத்தை எத்திசையிலும் திருப்பலாமாதலால் பழுது பார்க்க மிக வசதியானது. எனினும் அதன் பழைய மாதிரிகளில் பாபின் சிறியது. அடிக்கடி நூல் மாற்ற வேண்டும். தொடர்ந்த உற்பத்திக்கு அது உகந்ததன்று. இவற்றை உருவாக்கிய ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. ஆகவே அங்கிருந்து வந்தது எதுவும் நாற்பதாண்டுகளைக் கடந்ததே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஊசியும் நூலும்

ஊசியின் மேல் எழுதியுள்ள எண்ணை நூறால் வகுத்தால் அதன் கனம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 140-ஆம் எண் ஊசி 1.4 மில்லிமீட்டர் கனமுடையது. தையல் நூலின் டிக்கெட் எண்ணோ நேர்மாறானது. எண் உயர உயர நூல் மெலியும். பஞ்சுநூலின் கவுண்ட்டை அறிந்த நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். 40-ஆம் டிக்கெட் நூலுக்கு 110-ஆம் எண் ஊசியும், 20-ஆம் டிக்கெட் நூலுக்கு 140-ஆம் எண் ஊசியும் பெரும்பாலும் பொருந்தும். சங்கம் பயன்படுத்தப்போகும் நூலை அவ்வியந்திரம் ஏற்குமா, அதற்குரிய ஊசி அருகிலுள்ள ஊரிற் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிக.

தோல் ஊசியின் முனை வெட்டும் விளிம்புடையது. அது தோலை எளிதில் ஊடுருவும். ஆனால் கைத்தறித் துணியின் இழைகளை அறுத்துவிடக்கூடும். தோலும் துணியும் சேர்ந்து வரும் இடத்தில் உருண்டை முனை ஊசியாலும் தைத்துப் பார்த்து, எது நன்றோ அதனைக் கொள்க.

பார்வையிடும் முறை

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கைச்சக்கரத்தைத் தன்பக்கமாக மெதுவாகச் சுற்றுக. எங்கும் தடையின்றி, ஒரே சீராகச் சுழல வேண்டும். ஊசித்தண்டைப் பிடித்து முன்னும் பின்னும், இருபக்கமும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் கண்டால் தேய்மானம் என்றறிக. தட்டைக் கழற்றி ஹுக்கின் முனையைக் காண்க. அது முறியாமலும் மழுங்காமலும் இருத்தல் வேண்டும். ஊசி அடிமட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரும்போது, ஹுக்கின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து சேர வேண்டும். இது சிறிது பிசகியிருந்தால் மெக்கானிக் சரிசெய்துவிடுவார். வார்ப்பிரும்பில் விரிசலோ, பற்றவைத்த அடையாளமோ இருப்பின் அதனைத் தொடாதீர்கள். புதிய வர்ணம் பூசியிருப்பது நல்ல நிலைக்குச் சான்றாகாது.

பிறகு தைத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் கொடுக்கும் துண்டில் தைக்காதீர்கள். சங்கத்தின் தோல், சங்கத்தின் துணி, சங்கத்தின் நூல் ஆகியவற்றையே கொண்டு செல்லுங்கள். பையில் வரக்கூடிய மிகத் தடித்த அடுக்கையும் மிக மெல்லிய அடுக்கையும் தைக்கவும். மெல்லியதிலிருந்து தடித்ததன்மேல் ஏறும் இடத்தையும், மூலை திரும்பும் இடத்தையும் கவனிக்கவும். முன்னோக்கித் தைத்துப் பின்னோக்கித் திரும்பினால் ஊசி அதே துளைகளில் விழுகிறதா என்று பார்க்கவும். இறுதியாகத் துண்டைப் புரட்டி அடித்தையலைக் காண்க; அங்கே நூல் வளையங்கள் தொங்கலாகா.

மோட்டாரும் மற்றச் செலவும்

பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத வேளையிலும் சுழன்றுகொண்டே மின்சாரம் உண்ணும். சர்வோ மோட்டார் மிதியை அழுத்தும்போது மட்டுமே ஓடும். அதன் வேகத்தையும் குறைத்து வைக்கலாம். கிளட்ச் மோட்டாரே வாய்க்குமானால் அதன் கப்பியை மாற்றி வேகத்தைத் தணிக்க வழியுண்டு. நிமிஷத்திற்கு 1,440 முறை சுழலும் மோட்டாரில் 75 மில்லிமீட்டர்க் கப்பியும், இயந்திரத்தில் 90 மில்லிமீட்டர்க் கப்பியும் இருந்தால் நிமிஷத்திற்கு 1,200 தையல் விழும். மோட்டார்க் கப்பியை 45 மில்லிமீட்டராகக் குறைத்தால் 720 தையலாகும். புதிதாகப் பழகும் அங்கத்தினருக்கு இதுவே போதிய வேகம். மோட்டார் மும்முனை மின்சாரத்திற்குரியதாயின், சங்கக் கட்டடத்தில் அவ்விணைப்பு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இயந்திரத் தலையின் விலையை மட்டும் ஒப்பிடுவது முறையன்று. மேசை, மோட்டார், இல்லாத உறுப்புகள், வண்டிச் சத்தம், மெக்கானிக் கூலி யாவற்றையும் கூட்டி வரும் தொகையையே புதியதன் விலையோடு ஒப்பிட வேண்டும்.

சங்கம் கொள்ள வேண்டிய நடைமுறை

என்ன பொருள், எத்தனை கனமான தோல், மாதம் எத்தனை பைகள் என்பதை நிர்வாகக் குழு முதலிலே தீர்மானமாக எழுதிக்கொள்ளட்டும். விலைப்புள்ளிகளை ஒருவரிடம் மட்டுமன்றிப் பலரிடமும் பெறுக. விற்பவருடன் தொடர்பற்ற ஒரு மெக்கானிக்கையும், நாளை அவ்வியந்திரத்தில் அமர்ந்து தைக்கப்போகும் அங்கத்தினரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தலைவரும் செயலாளரும் மட்டும் சென்று வாங்கிவரும் இயந்திரம் தைப்பவரின் கைக்குப் பொருந்தாமற் போனதுண்டு. தைத்துப் பார்த்த துண்டுகளில் தேதியிட்டுக் கோப்பில் வைக்கவும். இயந்திர எண்ணைக் குறித்த இரசீதைப் பெற்று, அதே எண்ணைச் சொத்துப் பதிவேட்டிலும் பதிவு செய்யவும்.

இத்தனை சோதனையும் ஓர் இயந்திரத்திற்கா என்று சிலர் வினவலாம். சங்கத்தின் பணம் என்பது அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கூலியில் மிச்சம் பிடித்துச் செலுத்திய பங்குத்தொகை. அதனைச் செலவிடுமுன் ஒரு நாளைச் சோதனைக்கு ஒதுக்குவது மிகையாகாது.