கல்லில் நார் உரிக்கும் சக்கரங்கள்

கல்லில் நார் உரிப்பது என்று நம்மவர் சொல்வது, நடவாத காரியத்தை நடத்திக் காட்டுகிறவனுடைய சாமர்த்தியத்தைக் குறிப்பதற்காகத்தான். ஆனால் கலிபோர்னியா மாநிலத்தின் நடுப்பாகத்தில், டயாப்ளோ மலைத்தொடரின் தென்கோடியில், கல்லுக்குள் மெய்யாகவே நார் பொதிந்து கிடக்கிற ஒரு பிரதேசம் உண்டு. அங்கே அந்த நாரை உரித்தெடுக்கச் சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை. காய்ந்த மண்மீது ஒரு மோட்டார் சைக்கிளின் சக்கரம் உருண்டால் போதும். கிளியர் கிரீக், அதாவது தெளிந்த ஓடை, என்பது அவ்விடத்தின் பெயர்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், தனி ஒருவருக்கும் சொந்தமல்லாமல் தேசத்து ஜனங்கள் அனைவருக்கும் பொதுவாக உள்ள நிலங்கள் மிகுதி. அவற்றில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் பரப்பை மத்திய சர்க்காரின் நிலநிர்வாகத் துறை ஒன்றே பராமரித்து வருகிறது. வேலியில்லாத இந்தப் பொதுநிலங்களில் மோட்டார் சைக்கிளிலும், பருத்த நான்கு சக்கரங்களுள்ள திறந்த வண்டியிலும், ஜீப்பிலும் ஏறி, சாலை என்று ஒன்று இல்லாத சரிவுகளில் மனம் போன போக்கில் சுற்றி வருவது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. கிளியர் கிரீக் இருக்கும் சான் பெனிட்டோ மாவட்டத்தின் தலைநகரான ஹாலிஸ்டர், 1947-ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள்காரர்களின் கூட்டத்தால் நாடெங்கும் பேர்பெற்ற ஊர். அங்கிருந்து தென்கிழக்கே மலையேறி வந்தவர்களுக்கு, மரமும் புதரும் மறைக்காத செங்குத்தான மொட்டைச் சரிவுகள் கண்முன் விரிந்தபோது, தங்களுக்கென்றே படைக்கப்பட்ட இடம் இது என்று தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. தந்தை ஓட்டிய சரிவில் மகன் ஓட்டப் பழகினான். ஆண்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே வந்து போனார்கள்.

அந்தச் சரிவுகள் ஏன் மொட்டையாக இருக்கின்றன என்று கேட்டால், விடை பூமியின் அடியாழத்தில் தொடங்குகிறது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே, மெக்னீசியம் நிறைந்த கரும்பச்சைப் பாறைகளுக்குள் நீர் புகுந்து அவற்றோடு ரசாயனமாகக் கலக்கும்போது, வழவழப்பும் பாம்புத்தோல் போன்ற பச்சை மினுமினுப்பும் உடைய செர்ப்பன்டைன் என்னும் கல் பிறக்கிறது. கலிபோர்னியா 1965-இல் தன் மாநிலக் கல்லாக ஏற்றுக்கொண்டதும் இதைத்தான். இந்தக் கல் உதிர்ந்து உண்டாகும் மண்ணில் பயிருக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மெக்னீசியமும், செடிகளுக்கு ஆகாத நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் அதிகம். ஆகவே அங்கே பழகிப்போன சில அபூர்வத் தாவரங்களைத் தவிர மற்றவை வேரூன்றுவதில்லை. சான் பெனிட்டோ மலையைச் சூழ்ந்த இந்தச் செர்ப்பன்டைன் திரள், பன்னிரண்டு மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் மாபெரும் பிண்டம். 

செர்ப்பன்டைன் இனத்தைச் சேர்ந்த ஒரு கனிமத்துக்குக் கிரைசோடைல் என்று பெயர். அதன் அணுக்கள் இரண்டு மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கின்றன. ஒன்று சிலிக்காவால் ஆனது, மற்றது மெக்னீசியத்தால் ஆனது. மெக்னீசியப் படலம் சற்றே அகன்றது, சிலிக்காப் படலம் சற்றே குறுகியது. அகலம் ஒவ்வாத இரண்டும் பிரியவும் முடியாமல் சமமாகப் படுத்திருக்கவும் முடியாமல் போவதால், ஒரு பக்கம் மட்டும் காய்ந்த அப்பளம் வளைந்துகொள்வதைப்போல அவை வளைந்து, பாயைச் சுருட்டினாற்போல நீண்ட நுண்குழல்களாகச் சுருண்டுவிடுகின்றன. தலைமயிர் ஒன்றின் குறுக்கே இந்தக் குழல்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கலாம், அத்தனை நுண்மை. இவை கற்றை கற்றையாகச் சேர்ந்ததே ஆஸ்பெஸ்டாஸ். கல்நார் என்று தமிழில் அதற்கு யார் முதலில் பெயரிட்டாரோ, அவர் அதன் இயல்பை முழுதும் கண்டுகொண்டே பெயரிட்டிருக்கிறார். நம் ஊர்களில் சிமெண்டோடு பிசைந்து வீட்டுக்கும் கொட்டகைக்கும் கூரையாகப் போடுவது இதே கிரைசோடைலைத்தான். கூரைத் தகட்டில் சிமெண்டு அதைப் பிணித்து வைத்திருக்கிறது. கிளியர் கிரீக்கின் மண்ணில் அதைப் பிணித்து வைக்க ஒன்றும் இல்லை. ஓட்டுநர்களை வாவென்றழைத்த வெறுஞ்சரிவும், அவர்கள் பின்னால் புகைபோல் எழுந்த தூசியும் ஒரே கல்லின் இரண்டு குணங்கள்.

சுவாசத்தோடு உட்செல்லும் சாதாரணத் தூசியை நம் தேகம் சளியில் சிக்கவைத்து வெளியேற்றிவிடும். நுரையீரலின் அடிவரை போய்ச் சேர்வதை அங்கே காவலிருக்கும் உயிரணுக்கள் விழுங்கிச் செரித்துவிடும். ஆனால் நீண்ட கல்நார் இழை காவலணுவைக் காட்டிலும் நீளமானது. விழுங்கத் தொடங்கிய அணு, முழுதும் விழுங்கவும் இயலாமல் உமிழவும் இயலாமல் அழிந்துபோக, அதிலிருந்து கசியும் ரசாயனங்கள் சுற்றியுள்ள மெல்லிய திசுவைப் புண்ணாக்குகின்றன. புண் தழும்பாகிறது, தழும்பு ஏறிய நுரையீரல் விரிய மறுக்கிறது, சிலருக்கு நுரையீரலிலோ, அதைப் போர்த்திய சவ்விலோ புற்றுநோய் காண்கிறது. 1964-இல் நியூயார்க்கின் டாக்டர் இர்விங் செலிகாஃப், கல்நாரோடு வேலை செய்த தொழிலாளர்களிடையே இந்நோய்கள் மிகுந்திருப்பதை மறுக்க முடியாதபடி எடுத்துக் காட்டினார். இதில் மிகக் கொடியது காலதாமதம்: இழை உட்சென்ற நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் இடையே இருபது ஆண்டுகள், முப்பது ஆண்டுகள், சிலருக்கு நாற்பதுக்கும் மேல் கழிந்துவிடுகின்றன. எரிச்சல் இல்லை, நாற்றம் இல்லை, அன்றிரவு ஒரு இருமல்கூட வருவதில்லை. தன் அனுபவத்தால் எச்சரிக்கை பெற மனிதனுக்கு வழியே வைக்காத அபாயம் இது. அளந்து பார்த்துச் சொல்வதற்கு வேறொருவர் வேண்டும்.

அளக்க வேண்டிய தருணமும் நேர்வழியாக வரவில்லை. இந்த மலையில் கல்நார்ச் சுரங்கங்கள் முன்பு நடந்தன. அட்லஸ் என்னும் சுரங்கம் 1979-இல் மூடப்பட்டது. 1980-இல், தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிநீர் கொண்டுபோகும் கலிபோர்னியக் கால்வாயின் தண்ணீரில் கல்நார் மிகுதியாகத் தென்படவே, மூலத்தைத் தேடிப் போனவர்கள் வெள்ளத்தில் மண் அரித்து வந்த வழியே இந்தச் சுரங்கங்களை வந்தடைந்தார்கள். சுரங்கத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பேற்ற சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், சுற்றியுள்ள மலையில் விளையாட வருகிறவர்களின் கதி என்ன என்று கேட்காமல் அந்தக் காரியத்தை முடிக்க இயலாதென்று கண்டு, ஓர் எளிய பரிசோதனையை நடத்தியது. ஊழியர்கள் முகமூடியும் காப்புடையும் அணிந்து, தோளில் காற்றை இழுக்கும் சிறு பம்புகளை மாட்டிக்கொண்டு, வருகிறவர்கள் செய்வதையெல்லாம் அப்படியே செய்தார்கள்: மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள், ஜீப்பில் போனார்கள், நடந்தார்கள், கூடாரம் அடித்தார்கள், திரும்பி வந்து வண்டியைக் கழுவினார்கள். பெரியவர் மூச்சு விடும் உயரத்தில் ஒரு பம்பு, குழந்தை மூச்சு விடும் உயரத்தில் இன்னொன்று. வடிகட்டியில் தங்கிய இழைகளை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணினார்கள்.

முன்னால் போனவரைவிட அவர் எழுப்பிய தூசியில் தொடர்ந்து போனவருக்கு அதிக இழை. பொதுவாகப் பெரியவரின் உயரத்தைவிடக் குழந்தையின் உயரத்தில் அதிக இழை. குடும்பத்தோடு வரும்போது தந்தை முன்னும் பிள்ளை பின்னுமாகப் போவதே வழக்கம் என்பதை நினைக்கும்போது, அந்தக் கணக்கைப் படித்துவிட்டு எளிதாக அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் அங்கே போகிறவருக்கு, பதினாயிரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று அந்த நிறுவனம் வகுத்த எல்லைக்கு மேற்பட்ட ஆபத்து ஏற்படக்கூடும் என்று அறிக்கை சொல்லிற்று. அறிக்கை வெளியான 2008 மே 1-ஆம் தேதியே, நிலநிர்வாகத் துறை ஏறத்தாழ 31,000 ஏக்கரை அடைத்துவிட்டது.

இதற்கு வெகுகாலம் முன்பே, பொதுநிலத்தில் வண்டிகள் போகும் வழி எது, போகாத வழி எது என்று வரையறுக்க வேண்டுமென ஜனாதிபதி நிக்ஸன் 1972-இல் கட்டளையிட்டார். மண்ணுக்கோ பிராணிகளுக்கோ கேடு விளைவது கண்டால் உடனே வழியை மூட வேண்டுமென ஜனாதிபதி கார்ட்டர் 1977-இல் அதை இறுக்கினார். அக்கட்டளைகளின்கீழ் நடந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை மனிதரிடமிருந்து நிலத்தைக் காப்பதைப் பற்றியவை. இங்கோ நிலத்திடமிருந்து மனிதரைக் காக்க வேண்டியதாயிற்று. அதனாலேயே ஓட்டுநர்களின் கோபம் வேறு விதமாக இருந்தது. தன் உயிருக்கு வரும் ஆபத்தைத் தானே எடை போட்டுக்கொள்ளத் தனக்கு உரிமையில்லையா என்று அவர்கள் கேட்டார்கள். மாநிலத்தின் வண்டிப் பொழுதுபோக்குத் துறைக்காக 2011-இல் வெளியான வேறோர் ஆய்வு, ஈரமுள்ள பருவத்தில், தேர்ந்தெடுத்த வழிகளில், ஆண்டில் ஒரு சில நாட்களே ஓட்டுகிறவருக்கு அபாயம் மிகச் சொற்பம் என்று முடிவு கூறிற்று. இவ்விடத்துக் கிரைசோடைலின் இழைகள் குட்டையானவை, ஆகவே கொடுமை குறைந்தவை என்று வாதிடும் ஆராய்ச்சியாளரும் உண்டு. நீள இழையே அதிகத் தீங்கு செய்வது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதுதான். ஆயினும் சூக்ஷ்மமாகப் பார்த்தால், இரு தரப்பும் சண்டையிடுவது அளவைப் பற்றியே. காற்றில் நார் இல்லை என்று எவரும் சொல்லவில்லை. தன் உயிரைப் பற்றிய தீர்மானம் தன்னுடையது என்று வளர்ந்தவர் சொல்லலாம். பின்னால் வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் தீர்மானத்தில் பங்கில்லை; ஆகவே மூடியதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கல்நார் இருப்பது கால்வாய் நீரிலேயே வெளிப்பட்டுவிட்ட பிறகு, மலைக்காற்றை அளந்து முடிவு சொல்ல இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்ததே என்று ஓட்டுநர்கள் மனம் வெதும்பினால், அந்த வெதும்பலில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

2014-இல் கதவு சிறிது திறந்தது: சாலையில் ஓட உரிமம் பெற்ற வண்டிகள் மட்டும், குறித்த வழிகளில் மட்டும், அனுமதிச் சீட்டோடு, ஒருவருக்கு ஆண்டில் ஐந்து நாள். நடந்து போகிறவருக்குப் பன்னிரண்டு நாள். முழுதும் திறந்துவிட வேண்டுமென அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டதும் உண்டு.

இதற்கிடையில் அந்த ஓடைக்கரைகளில் ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் பூவின் கதையும் நடந்துகொண்டிருந்தது. சான் பெனிட்டோ மாலைப்பூ என்னும் அந்த ஓராண்டுச் செடி, செர்ப்பன்டைன் மண் படிந்த ஓடையோரத் திட்டுகளை விரும்பி வளர்வது. வந்தவர்கள் வண்டிகளை நிறுத்திக் கூடாரம் அடித்த சமதரையும் அவைதாம். அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக 1985-இல் பட்டியலில் சேர்க்கப்பட்ட அது, வேலிகளாலும், ஊழியர்கள் தேடித்தேடிக் கண்ட புதிய இருப்பிடங்களாலும் மீண்டுவிட்டதாகக் கருதப்பட்டு 2022-இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வேலி கட்டுவதற்குக் கம்பம் நட வேண்டும், கம்பம் நட மண்ணைத் தோண்ட வேண்டும். கிளியர் கிரீக்கில் காற்றை அளந்தவர்கள் தோளில் பம்பை மாட்டிக்கொண்டு செய்து பார்த்த வேலைகளில் வேலி கட்டுவதும் ஒன்று.